நூல்முனையில் ஒரு கண்

உயரத்தில் நின்று தன் ஊரைப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. ஜெராய் மலைமேல் ஏறிச் செல்பவர்களைக் கவனித்தால் இது விளங்கும். மலையின் குளிரையும் பசுமையையும் சிறிது நேரமே சுவைப்பார்கள். பிறகு விளிம்புக்கு வந்து, கீழே பரந்து கிடக்கும் சமவெளியில் தங்கள் ஊர் எங்கே, வீடு எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நாள்தோறும் நடந்து பழகிய வழிகள் மேலிருந்து நோக்கும்போது புதியனவாகத் தோன்றுகின்றன. தொலைவில் இருப்பதாக எண்ணிய ஆறு வீட்டின் பின்புறத்திலேயே வளைந்து செல்கிறது. நேர் என்று நினைத்த சாலை பாம்புபோல் நெளிகிறது.

தமிழ்ப் புலவர்கள் இந்த ஆசையை நன்கு அறிந்திருந்தார்கள். இலங்கையிலிருந்து மீளும் இராமன், புட்பக விமானத்தில் இருந்தவாறே, கடந்து வந்த இடங்களைச் சீதைக்கு ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுவதாகக் கம்பர் பாடினார். சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறி வானில் செல்கின்றாள். செலுத்துவோன் இல்லாமலே செல்லும் வான ஊர்தியைப் பற்றிய குறிப்பு புறநானூற்றிலும் உண்டு. பறக்கும் கருவி கைக்கு வருமுன்பே, பறந்து பார்க்கும் காட்சி தமிழர் கற்பனைக்கு வந்துவிட்டது எனலாம்.

ஆயினும், உண்மை வாழ்வில் மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைத்ததில்லை. கெடா மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களின் அமைப்பே இதற்குச் சான்று. துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டிலே இருக்கும். தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் தாழ்விலே இருக்கும். கிராணிமார் வீடுகள் இரண்டுக்கும் இடையிலே இருக்கும். தோட்டத்தின் வரைபடம் அலுவலகச் சுவரில் தொங்கும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிறை நிறையாக மரங்களைத் தொட்டு அறிந்தவர்கள் அந்த வரைபடத்தின் அருகே நின்று அதைப் படித்த நாள்கள் அரியவை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் விமானங்கள் மலாயாக் காடுகளின்மேல் பறந்து படம் எடுத்தன. மரங்களுக்கிடையே மறைந்திருந்த காய்கறிப் பாத்திகளை அப்படங்களில் தேடினார்கள். இவ்வாறு, பார்ப்பவர் மேலே இருந்தார்; பார்க்கப்படுபவர் கீழே இருந்தார். இருவரும் ஒருவராக இருந்ததில்லை.

இந்த நிலையைச் சிறிதளவேனும் மாற்றக்கூடிய எளிய கருவி ஒன்று உண்டு. அது பட்டம். பட்டத்தின் நூலில் நிழற்படக் கருவியைத் தொங்கவிட்டு வானில் ஏற்றினால், தரையில் நிற்பவன் தான் நிற்கும் தரையையே மேலிருந்து காணலாம். இக்கலை இன்று நேற்றுத் தோன்றியது அன்று. 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு.

வானிலிருந்து முதன்முதல் படம் எடுத்தவர் நதார் என்னும் புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர். 1858-ஆம் ஆண்டில் அவர் பலூனில் ஏறிச் சென்று பாரிசுக்கு அருகே படம் எடுத்தார். பலூனில் செல்லப் பெரும்பொருள் வேண்டும். உயிருக்கு அஞ்சாத துணிவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாமலே வானிலிருந்து பார்க்க வழி கண்டவர் ஆர்தர் பட்டூ. அவரும் பிரெஞ்சுக்காரரே. 1846-இல் பிறந்த அவர் தென்பிரான்சில் லாப்ருகியேர் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1888-ஆம் ஆண்டில், தாமே செய்த பட்டத்தில் இலேசான ஒரு நிழற்படப் பெட்டியைப் பொருத்தித் தம் ஊரின்மேல் ஏற்றினார்.

அந்தப் பெட்டியை வானத்தில் இயக்குவது எப்படி? அதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. மெதுவாக எரியும் திரி ஒன்றைப் பெட்டியின் மூடியை இழுத்துப் பிடித்திருக்கும் நூலோடு இணைத்தார். பட்டம் ஏறி நிலைபெறும் வரை திரி எரிந்துகொண்டிருக்கும். நெருப்பு நூலைத் தொட்டதும் நூல் அறும். மூடி நொடிப்பொழுது திறந்து மூடும். படம் பதிவாயிற்று என்பதைக் கீழே நிற்பவருக்கு அறிவிக்க, அந்நேரமே ஒரு காகிதத் துண்டு அவிழ்ந்து விழும்படி செய்திருந்தார். படம் எடுத்த உயரத்தை அறியக் காற்றழுத்தமானி ஒன்றையும் உடன் அனுப்பினார். ஒருமுறை ஏற்றினால் ஒரே படம்தான். திரி தவறினால் எல்லா முயற்சியும் வீண். பட்டத்தை இறக்கி மீண்டும் தொடங்க வேண்டும். இத்தனை பொறுமையின் பயனாக, தம் ஊர்க் கூரைகளையும் வயல்களையும் வானிலிருந்து காட்டும் படங்களைப் பெற்றார். 1890-இல் தம் முறையை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். தாம் கண்டதைப் பிறரும் காணட்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். இன்று அவர் பெயரால் நிழற்படக் காட்சியகம் ஒன்று அதே சிற்றூரில் இருக்கின்றது.

பட்டூவின் கதையில் தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் தொலைநாடுகளின் அதிசயங்களைப் படம் எடுக்கப் புறப்படவில்லை. தம் காலடியில் இருந்த ஊரையே எடுத்தார். எந்தக் கூரை எவருடையது, எந்த வழி எங்கே போகும் என்பன அவருக்குத் தெரியும். அறிந்த ஊரைத்தான் அவர் அறியாத கோணத்திலிருந்து பார்த்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களில் அமெரிக்கரான ஜார்ஜ் லாரன்சு பெரும்புகழ் பெற்றார். அவர் முதலில் பலூனையே நம்பினார். 1901-இல் சிகாகோவில் அவர் நின்றிருந்த கூடு பலூனிலிருந்து பிரிந்து, 200 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தது. வழியில் இருந்த தந்திக் கம்பிகள் தாங்கியதால் உயிர் பிழைத்தார். அதன்பின் அவர் பட்டங்களை நாடியதில் வியப்பில்லை. 1906 ஏப்ரல் 18-ஆம் நாள் சான்பிரான்சிசுகோ நகரம் நிலநடுக்கத்தாலும் அதைத் தொடர்ந்த தீயாலும் அழிந்தது. சில வாரங்களில் லாரன்சு அங்கே சென்று, 17 பட்டங்களை ஒரே கயிற்றில் தொடுத்து, 20 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள நிழற்படக் கருவியை ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக்கு ஏற்றினார். கடலும் கரையும் கரிந்த தெருக்களும் ஒருங்கே தெரிய அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. நகரத்தின் அழிவை நகரத்தாரே முழுமையாக அறிந்துகொள்ள அது உதவியது.

பிறகு விமானம் வந்தது, பட்டத்தை மறந்தார்கள். எனினும் அக்கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. நிக்கோலா ஷோரியே என்னும் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் பட்டத்தின் உதவியால் இந்தியாவை வானிலிருந்து எடுத்த படங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தன. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடல் பாழானபோது, கரையோரத்து மக்களும் தன்னார்வத் தொண்டர்களும் பலூன்களிலும் பட்டங்களிலும் சிறு கருவிகளைக் கட்டிப் பல்லாயிரம் படங்கள் எடுத்தார்கள். எண்ணெய் எங்கே படிந்தது, எந்தச் சதுப்பு நிலம் கெட்டது என்பதற்கு அவர்கள் பிறருடைய சொல்லை மட்டும் நம்பி இருக்கவில்லை. தங்கள் கரையைத் தாங்களே அளந்தார்கள்.

கெடா மாநிலம் இக்கலைக்கு மிகவும் ஏற்ற நிலம். பட்டம் இங்கே வந்தேறிய விளையாட்டு அன்று. மலாய் மக்கள் மூங்கிலைச் சீவி, வண்ணத்தாள் ஒட்டிச் செய்யும் ‘வாவ்’ என்னும் பட்டம் இந்த மண்ணின் கலைச்செல்வம். அரபு எழுத்தாகிய ‘வாவ்’ போன்ற வடிவம் உடைமையால் அப்பெயர் வந்தது என்பர். அவற்றுள் ‘வாவ் ஜாலா பூடி’ என்பது கெடாவுக்கே சிறப்பாக உரியது. ஜாலா என்பது வலை. பூடி என்பது தமிழர் அறிந்த புத்தி என்னும் சொல்லின் உறவே. பட்டத்தின் தலைப்பகுதியில் வில்போன்ற ஒன்றைக் கட்டி வைப்பார்கள். காற்றில் அது ரீங்காரம் செய்யும். வயலோரங்களில் மலாய்ச் சிறுவரும், தோட்டத் திடல்களில் தமிழ்ச் சிறுவரும், தாளும் ஈர்க்கும் கொண்டு செய்த பட்டங்களை விட்டு வளர்ந்தவர்களே. மூங்கிலை எப்படிச் சீவுவது, எடையை எப்படிச் சமன் செய்வது என்னும் நுட்பங்களைக் கற்க ஒரு தமிழ் மாணவன் அண்டைக் கம்பத்து வாவ் கலைஞரிடம் சென்றால், பட்டத்தோடு நட்பும் சேர்ந்து கிடைக்கும்.

காலமும் இங்கே துணை செய்கிறது. ஆண்டின் தொடக்கத்தில், சனவரி, பிப்ரவரித் திங்களில், வடகெடாவில் மழை குறைந்து வறண்ட காற்று வீசும். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் இருபோகம் விளையும் வயல்களில் முதன்மைப் போகத்தின் அறுவடை அக்காலத்தை ஒட்டியே முடியும். அறுத்த வயல் பட்டம் விடுவதற்கு நல்ல களம். அதே பருவத்தில்தான் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன. மற்றக் காலங்களில் மரத்தின் தழை கூரைபோல் நிலத்தை மூடியிருக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சையன்றி வேறொன்றும் தெரியாது. இலை உதிர்ந்த சில வாரங்களில் மட்டும் நிறைகளும், அவற்றினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளும், ஓடைகளும், கைவிடப்பட்ட கட்டடங்களின் அடித்தளங்களும் கண்ணுக்குப் புலப்படும். செம்பனைக்கு இந்தப் பருவம் இல்லை. அதன் மட்டைகள் ஆண்டு முழுவதும் விண்மீன்கள் போல் விரிந்து நிலத்தை மறைத்தே நிற்கும். ஆகவே பால்மரம் எஞ்சியுள்ள இடங்களில் படம் எடுக்க விரும்புவோர் இப்பருவத்தை நழுவவிடலாகாது.

இனி, தொடங்கும் முறையைக் காண்போர்க்கு முதலில் வேண்டுவது விரைந்து பறக்கும் பட்டம் அன்று. அசையாமல் நிற்கும் பட்டம். போட்டிக்கு விடும் சிறு பட்டம் துள்ளும், சுழலும், பாயும். கருவியைச் சுமக்கும் பட்டமோ வானில் ஆணி அடித்தாற்போல் நிற்க வேண்டும். ஜப்பானியரின் அறுகோணப் பட்டமாகிய ‘ரொக்காக்கு’ இதற்குப் பேர்பெற்றது. ஆசிரியரும் மாணவரும் கூடி அதைச் செய்துவிடலாம். 150 சென்டிமீட்டர் நீளமுள்ள நடுக்கோல் ஒன்று; 120 சென்டிமீட்டர் நீளமுள்ள குறுக்குக் கோல்கள் இரண்டு. மேல்முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே ஒரு குறுக்குக் கோலும், கீழ்முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் மேலே மற்றொன்றும் அமைய வேண்டும். ஆறு முனைகளையும் இணைத்து நைலான் துணி போர்த்தினால் அறுகோணம் ஆயிற்று. குறுக்குக் கோல்களைப் பின்புறமாக நூலால் வளைத்துக் கட்டுதல் இன்றியமையாதது. அந்த வளைவே பட்டத்துக்கு நிலைத்தன்மை தருவது. முன்புறம் ஒவ்வொரு குறுக்குக் கோலிலும் இரண்டு இடங்களில் கட்டிய நான்கு நூல்களும் ஒரு முடிச்சில் கூட வேண்டும். இதற்கு வால் தேவையில்லை. இந்த அளவுள்ள பட்டம் மிதமான காற்றில் 200 கிராம் அளவுள்ள கருவியைத் தூக்கும்.

காற்றை அறிவதற்குக் கருவி வேண்டுவதில்லை. இலைகளும் சிறு கிளைகளும் இடைவிடாமல் அசைந்து, சிறு கொடி விரிந்து பறக்குமானால் காற்று போதும். மரமே ஆடத் தொடங்கினால் பட்டத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். மரவரிசைக்குப் பின்னால் காற்று சுழித்துக் குழம்பும். ஆதலால் மரத்தின் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தொலைவு தள்ளி நிற்பது நல்லது. தோட்டப்புறத்தில் இதற்கு ஏற்ற இடம் பள்ளித்திடலே.

அடுத்தது நூல். பாலியெஸ்டர் இழைகளால் பின்னிய உறுதியான நூல் வேண்டும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் இக்கலைக்கு முற்றிலும் ஆகாது. அது பிறர் கழுத்தை அறுக்கும், பறவைகளைக் கொல்லும். கையுறை அணியாமல் நூலைத் தொடலாகாது. பெரிய பட்டத்தின் நூல் விரலை வெட்டிவிடும். இறக்கும்போது நூலைச் சுற்றி இழுத்துக் கொண்டிருப்பதைக் காட்டிலும், ஒரு முனையை உறுதியாக ஓரிடத்தில் கட்டிவிட்டு, நூலைக் கையால் அழுத்தியவாறே பட்டத்தை நோக்கி நடந்து சென்றால் அது எளிதில் தாழ்ந்து வரும்.

கருவியைப் பட்டத்திலேயே கட்டுவது பட்டூவின் காலத்து முறை. பட்டம் ஆடினால் கருவியும் ஆடும். ஆகையால் பிற்காலத்தார் பட்டம் ஏறி நிலைபெற்ற பின், அதற்கு 20, 30 மீட்டர் கீழே நூலில் கருவியைத் தொங்கவிட்டார்கள். 1912-இல் பிக்காவே என்னும் பிரெஞ்சுக்காரர் இதற்கு ஓர் அருமையான அமைப்பைக் கண்டார். இரண்டு சிறு கோல்களைக் குறுக்காகக் கட்டி, நான்கு முனைகளிலும் வளையங்கள் பொருத்தி, நூலின் இரண்டு இடங்களிலிருந்து வரும் ஒரே கயிற்றை அவ்வளையங்களின் ஊடே ஓடவிட்டார். பட்டத்தின் நூல் எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் கயிறு வளையங்களில் வழுக்கி ஓடித் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கோல்கள் தரைக்கு இணையாகவே நிற்கும். அவற்றின் கீழே கட்டிய கருவி நேரே நிலத்தை நோக்கும். இதற்கு மின்விசையும் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

திரி எரிந்து நூல் அறும் வரை காத்திருக்க வேண்டிய தொல்லை இன்று இல்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை தானே படம் எடுக்குமாறு அமைக்கக்கூடிய சிறு நிழற்படக் கருவியோ, வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியோ போதும். கருவி ஆடும் என்பதால் ஒளிபுகும் நேரம் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும்; நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நல்லது. ஆனால், முதல்நாளே கருவியை ஏற்றலாகாது. முதலில் பட்டத்தை மட்டும் பல நாள் விட்டுப் பழக வேண்டும். பிறகு கருவியின் எடைக்குச் சமமாக மணல் நிரப்பிய சிறு புட்டியைத் தொங்கவிட்டு ஏற்ற வேண்டும். புட்டி மும்முறை நலமாக இறங்கி வந்த பிறகே கருவியின் முறை. அவசரப்பட்டவர் கருவியைச் செம்பனை உச்சியில் தேட நேரும்.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் வேலை உண்டு. பாகைமானியில் ஒரு நூற்குண்டைத் தொங்கவிட்டுப் பட்டத்தின் கோணத்தை அளக்கலாம். 45 பாகைக் கோணத்தில் 100 மீட்டர் நூல் நேராக நின்றால், அதன் முனை ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்தில் இருக்கும். நூலின் தொய்வால் சற்றுக் குறையும். பெரும்பாலான அகலவில்லைக் கருவிகள், தாம் இருக்கும் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமுள்ள நிலத்தைப் படத்தில் அடக்கும். எனவே 60 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஏறத்தாழ 90 மீட்டர் அகலமுள்ள நிலம் அமையும். சைனும் கோசைனும் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்குத் திடலின் நடுவில் விடை கிடைக்கும்.

பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மிகையாகாது. மின்கம்பிகளுக்கு அருகே பட்டம் விடலாகாது; கம்பியில் சிக்கினால் கைவிட்டுவிட வேண்டுமே தவிர மீட்க முயலலாகாது. ஈரநூல் மின்சாரத்தைக் கடத்தும். ஏப்ரல், அக்டோபர் போன்ற பருவமாற்றக் காலங்களின் பிற்பகல்களில் இடிமழை விரைந்து வரும். மேற்கே கருமேகம் தலைகாட்டியதுமே நூலைச் சுற்றத் தொடங்க வேண்டும். சாலைக்கு மேலும், மக்கள் கூட்டத்துக்கு மேலும் கருவியைத் தொங்கவிடலாகாது. அலோர் ஸ்டார் விமான நிலையமும் பட்டர்வொர்த் வான்படைத் தளமும் அண்மையில் உள்ள மாநிலம் இது. விமானப் போக்குவரத்து ஆணையம் வகுத்துள்ள உயர வரம்பு யாது, வான்படம் எடுக்க நில அளவைத் துறையின் இசைவு வேண்டுமா என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிவது ஆசிரியரின் கடமை. பிறர் வீட்டு முற்றத்தை அவர் அறியாமல் படம் எடுப்பதும் பண்பாகாது.

‘ஆளில்லா விமானம் கடையிலே கிடைக்கும்போது பட்டம் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த விமானம் சொன்ன இடத்துக்குச் செல்லும். காற்றில்லாத நாளிலும் பறக்கும். பட்டம் அப்படிப் பணியாது. ஆனால் விமானத்தின் மின்கலம் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பட்டம் காற்றுள்ள வரை நிற்கும். விலையிலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வகுப்பு முழுவதும் கூடிச் செய்து, கூடி ஏற்றி, கூடி இறக்கும் வேலை பட்டத்தில்தான் உண்டு. மூங்கில் சீவுபவன் ஒருவன், துணி தைப்பவள் ஒருத்தி, கோணம் அளப்பவன் ஒருவன், காற்றைக் கவனிப்பவள் ஒருத்தி என அனைவருக்கும் பங்கு கிடைக்கும்.

படம் எதை எடுப்பது என்பதே முடிவான கேள்வி. வேடிக்கைக்காக எடுப்பதிலும் குற்றமில்லை. ஆனால், கெடாத் தமிழர்க்கு இக்கலை வேடிக்கைக்கு மேற்பட்டது. அதன் காரணத்தை உணரத் தோட்டங்களின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அதற்கு மாற்றாகத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். நிலத்தில் உழைத்தவர் நிலத்துக்கு உரிமை பெறலாம் என்பதை அது காட்டியது. ஆயினும் பல தோட்டங்களின் கதை அவ்வாறு முடியவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் இம்மாற்றத்தைக் காணாத குடும்பம் அரிது.

லயம் இடிந்தால் மரமும் கல்லும் மட்டும் போவதில்லை. பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, பால் நிறுத்த கொட்டகை எது, தீமிதித் திருவிழாவுக்குக் குழி வெட்டிய இடம் எது, மூத்தோரைப் புதைத்த இடுகாட்டின் எல்லை எது என்னும் அறிவும் கூடவே போய்விடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை அலுவலக வரைபடத்தில் ஏறியவை அல்ல. தனிப்பட்டா இல்லாத கோயில்களும் இடுகாடுகளும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட முடியும். நாளும் அளவும் குறித்து எடுத்த ஒரு வான்படம் நிலவுரிமைப் பத்திரம் ஆகிவிடாது. ஆயினும், இன்ன நாளில் இன்ன இடத்தில் இது இருந்தது என்பதற்கு அது சான்றாக நிற்கும்.

சான்று இல்லாததன் விலை என்ன என்பதைக் கெடா மாநிலம் ஒருமுறை கண்டது. சோழர் காலத்துக் கடாரம் என்று கருதப்படும் பூஜாங் பள்ளத்தாக்கின் தொன்மையைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பட்டினப்பாலை கூறும் காழகம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இங்கேதான் என்பர். மெர்போக்கில் புக்கிட் பத்து பாகாட் கோயில் 1960-இல் சீரமைக்கப்பட்டு இன்றும் காட்சி தருகிறது. ஆனால், சுங்கை பத்து பகுதியில் பதினோராம் எண்ணிட்டு அறியப்பட்டிருந்த சண்டி ஒன்று, நிலமேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி வெளியானபோதுதான் பொதுமக்கள் பலர் அப்படி ஒன்று இருந்ததையே அறிந்தார்கள். அருகிலிருந்த பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பட்டம் விட்டு அவ்விடத்தைப் படம் எடுத்திருந்தால், இடிபாட்டைத் தடுத்திருக்க முடியுமா என்று சொல்வதற்கில்லை. ஆனால், இடிக்கப்படுமுன்பே அதை அறிந்த கண்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும்.

பழைய இடங்களைப் படம் எடுப்போர்க்கு ஒரு குறிப்பு. உச்சிவேளையில் நிலம் தட்டையாகத் தோன்றும். காலை எட்டு, ஒன்பது மணியளவில், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பின், சாய்வெயிலில் எடுத்தால் சிறு மேடும் சிறு பள்ளமும் நிழல் விழுத்தித் தம்மைக் காட்டிக்கொடுக்கும். புதைந்த சுவரின்மேல் புல் முன்னதாகவே வாடும். பழைய வாய்க்காலின்மேல் செழித்து வளரும். தரையில் நிற்பவன் மிதித்துக் கடந்துவிடும் இவ்வேறுபாடுகள் மேலிருந்து நோக்கும்போது கோடுகளாகத் தெரியும்.

ஆனால், எத்தனை நல்ல படமானாலும் அது ஊமை. கூரை தெரியும், அதன்கீழ் வாழ்ந்தவர் பெயர் தெரியாது. பாதை தெரியும், அது எந்தப் பெயரால் அழைக்கப்பட்டது என்று தெரியாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் பதிவேடு வைத்திருக்கும். தொழிலாளர் அதற்கு இட்ட தமிழ்ப் பெயரை முதியவர் நினைவு மட்டுமே வைத்திருக்கும். இங்கேதான் தமிழாசிரியரின் பணி தொடங்குகிறது. எடுத்த படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பாட்டியின் முன்னே விரித்து, ‘இது எது, அது எது’ என்று கேட்க வேண்டும். அவர் விரல் வைத்துச் சொல்லும் பெயர்களை அவர் சொல்லும் வழக்கிலேயே படத்தின்மேல் எழுத வேண்டும். கிணற்றடி, மாரியம்மன் கோயில் மேடு, மண்டோர் வீடு, ஆற்றுத்துறை என்று பெயர்கள் நிரம்ப நிரம்ப, ஊமைப்படம் பேசத் தொடங்கும். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் கிடைப்பது அரிது.

1885-இல் தொடங்கி, அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடி வரை வெட்டிய வான் மாட் சமான் கால்வாயைப் பற்றிக் கெடாவில் ஒரு செய்தி வழங்குகிறது. மேலிருந்து பார்க்க வழியில்லாத அக்காலத்தில், இரவிலே தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அவற்றின் ஒளியைக் கொண்டே நேர்கோட்டை வகுத்தார்களாம். கையில் இருந்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்துகொண்ட அறிவு அது. இன்றைய மாணவர் கையில் மூங்கிலும் துணியும் நூலும் பழைய கைத்தொலைபேசியும் இருக்கின்றன. காற்றுக்கு எவரும் விலை கேட்பதில்லை. அடுத்த பிப்ரவரியில் இலை உதிரும்போது, எஞ்சியிருக்கும் பால்மரக் காடுகளின் ஓரத்தில், எஞ்சியிருக்கும் லயங்களின் அருகே, ஒரு பள்ளியேனும் இம்முயற்சியைத் தொடங்கலாம். படத்தை அடுத்த ஆண்டும் எடுத்துக்கொள்ள முடியும். பெயர்களைச் சொல்லக்கூடிய முதியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நூலை அவிழ்ப்பது நல்லது.